சென்னையை விட்டுக் கிளம்புகிறோம்: திருச்சியா, கோவையா, தென்காசியா, ஓசூரா?

கரிசல்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது, என் வீட்டுக்காரருக்கு 31. மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 19,000. கோடை வந்தால் தண்ணீர் லாரிக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். அவர் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மாதம் ஓரிரு முறை அலுவலகத்தில் தலையைக் காட்டினால் போதும், மற்றபடி வீட்டிலிருந்தே வேலை.

என் ஊர் கோவில்பட்டி, அம்மா தனியாக இருக்கிறார். அவர் ஊர் மன்னார்குடி, மாமனார் மாமியார் வயலைப் பார்த்துக்கொண்டு அங்கேதான் இருப்பார்கள். இரண்டு ஊரிலும் போய்க் குடியிருக்க முடியாது, என் வேலைக்கு அங்கே வழி குறைவு. ஒன்றிரண்டு வருடத்தில் குழந்தை வேண்டும் என்று இருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு ஊரில் காலூன்றிவிட ஆசை.

நாலு ஊர் மனதில் இருக்கிறது: திருச்சி, கோவை, தென்காசி, ஓசூர். கையில் 14 லட்சம் சேமிப்பு. போன கையோடு மனை வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் அவர். முதலில் வாடகைக்குப் போவோம் என்கிறேன் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது காதல் திருமணம், சாதி வேறு வேறு. இரண்டு வீட்டிலும் இப்போது சமாதானம்தான். ஆனால் வீடு பார்க்கப் போகிற இடத்தில் வாசலிலேயே வைத்து "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற ஊரில் என் பிள்ளையை வளர்க்க எனக்கு மனமில்லை. அந்தந்த ஊரில் இருப்பவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

சிற்றாறு

தென்காசியிலிருந்து எழுதுகிறேன் மா. ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஜூன் பிறந்தால் சாரல், ஆகஸ்ட் வரை மின்விசிறி கூடத் தேவைப்படாத நாட்கள் உண்டு. மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லிருந்து இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இளம் குடும்பங்கள் இங்கே புதிதில்லை. ஃபைபர் இணையம் நன்றாகவே கிடைக்கிறது. சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் இரவு உண்டு. கோவில்பட்டி பக்கம்தான், அம்மாவைக் காலையில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த ஊர் சரி. உங்களுக்குத்தான் யோசனையாக இருக்கிறது. 2019-ல் தனி மாவட்டம் ஆனோம், ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. கொஞ்சம் பெரிய கேஸ் என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள், அது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஐசியூ அனுபவம் உள்ள நர்ஸுக்கு இங்கே இடங்கள் கொஞ்சம்தான். உங்கள் பிரசவத்துக்கும் இதையே யோசிக்க வேண்டும்.

சாதி விஷயம். பொய் சொல்ல மாட்டேன். கேட்பார்கள். தெருவின் பெயரைச் சொன்னாலே ஆளைக் கணக்குப் போடுகிற பகுதி இது. புதிதாக வந்த லேஅவுட்களில் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் கேட்கவே மாட்டார்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

நொய்யல்

கோவைக்கு வாங்க! சும்மா சொல்லவில்லை, நீங்கள் இருவரும் சொன்ன வேலைக்குச் சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் இந்த ஊர்தான். பீளமேட்டில் டைடல் பார்க், சரவணம்பட்டி முழுக்க ஐடி கம்பெனிகள். மருத்துவமனைகளுக்குக் கேட்கவே வேண்டாம். அவிநாசி ரோட்டில் மட்டும் எத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள்! கேரளாவிலிருந்தே ஆட்கள் வைத்தியத்துக்கு வருகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் ஜூன், ஜூலையில் ஊர் ஜில்லென்று இருக்கும்.

ஊருக்குப் போக ரயிலும் வாகாக அமைந்திருக்கிறது. மன்னார்குடிக்கு நேரடியாகச் செம்மொழி எக்ஸ்பிரஸ், ராத்திரி வண்டி. கோவில்பட்டிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், அதுவும் ராத்திரிதான். தூங்கி எழுந்தால் அம்மா வீடு.

குறை என்றால் இரண்டு. வாடகையும் மனை விலையும் நன்றாக ஏறிவிட்டன, 14 லட்சத்தை வைத்துக்கொண்டு ஊருக்குள் மனை பார்ப்பது கஷ்டம். அடுத்தது தண்ணீர். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த அணை இருப்பது கேரள எல்லைக்குள். ஊருக்கு பில்லூர்த் திட்டத் தண்ணீரும் வருகிறது. எந்த வார்டுக்கு எது வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதெல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். வீடு பார்க்கும்போது ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள்.

வடவள்ளி, தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் மலையடிவாரத்தில் விலை குறைவாக மனை காட்டுவார்கள். அங்கே பல கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள், நாங்கள் ஹாகா என்று சொல்வோம், வருகின்றன. அந்தத் தடையின்மைச் சான்று இல்லாமல் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. யானையும் வரும். யானை வருகிற பாதையில் மனை போட்டு விற்கிறார்கள் என்பதே என்னை வதைக்கிற விஷயம், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

கெலமங்கலத்தான்

ஓசூருக்கும் ஆள் வேண்டாமா? டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பழைய கம்பெனிகள், இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். உங்கள் கணவர் இன்றைய கம்பெனியை விட்டால் எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலேயே இருக்கிறது.

தட்பவெப்பம் பெங்களூர் மாதிரியே. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெருவில் கேட்கும். வேலைக்கு வந்து தங்கியவர்கள்தான் பாதி ஊர். நான் கெலமங்கலத்தில் பிறந்து ஓசூரில் வாடகைக்கு இருக்கிறேன், இங்கே என் சாதியை யாரும் கேட்டதில்லை. ஆதார் நகலும் அட்வான்ஸும்தான் கேட்டார்கள்.

மைசூர் – தூத்துக்குடி வண்டி ஓசூர் வழியாகப் போகிறது, கோவில்பட்டியில் நிற்கும். மைசூரிலிருந்து மயிலாடுதுறை பக்கம் போகிற வண்டியில் தஞ்சாவூரில் இறங்கினால் மன்னார்குடிக்கு பஸ். தூரம்தான், ஆனால் வழி இருக்கிறது.

மனை மட்டும் இப்போது வாங்காதீர்கள். 2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் என்று அறிவிப்பு வந்த பிறகு தேன்கனிக்கோட்டை, சூளகிரி வரை ஏர்போர்ட் பக்கம் என்று சொல்லியே விற்கிறார்கள். விமானம் எங்கே இறங்கும் என்று உறுதியாவதற்கு முன்னால் விலை ஏறிவிட்டது.

வைகைக்கரை

நாலு ஊர் சொன்ன தங்கச்சி மதுரையைச் சொல்லவில்லையே! கோவில்பட்டிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். மதுரையில் ஐசியூ இல்லாத தெரு இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்கு ஆஸ்பத்திரிகள். கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கு ஒரு தளமே இருக்கிறது, பிள்ளை பிறந்த பிறகு அதன் அருமை தெரியும்.

கரிசல்காரி

அண்ணா, மதுரையை விட்டதற்குக் காரணம் அவருடைய வேலைதான். இளந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐடி பூங்கா இருப்பது தெரியும். டெஸ்டிங் வேலைக்கு அங்கே விசாரித்த வரையில் சம்பளம் பாதிக்கு வருகிறது. திருச்சிக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான் வந்தது. ஆனால் திருச்சி இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பதால் பட்டியலில் வைத்தேன்.

இரவுப்பணி

நானும் நர்ஸ்தான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று ஊரில் வேலை பார்த்துவிட்டு இப்போது திருச்சியில் இருக்கிறேன். தங்கச்சிக்கு அக்காவாக ஒன்று சொல்கிறேன்.

ஊரை இன்றைய வேலையை வைத்து எடுக்காதே. அடுத்த வேலையை வைத்து எடு. உன்னுடையது, அவருடையது, இரண்டையும். இன்று அவர் கம்பெனி வீட்டிலிருந்து வேலை பார் என்கிறது. நாளைக்கு மேனேஜர் மாறினால் வாரம் மூன்று நாள் வா என்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு எத்தனை கம்பெனிகள் அப்படித் திருப்பிக் கூப்பிட்டன என்பது உங்களுக்கே தெரியும். அந்த நாளில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஊரில் அவருக்கு வேறு வழி இருக்க வேண்டும், அல்லது சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வருவது உடம்பு தாங்குகிற தூரமாக இருக்க வேண்டும். உனக்கும் அப்படித்தான். ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில் நர்ஸுக்குக் குரல் கிடையாது. டபுள் டூட்டி போடு என்றால் போட வேண்டும், பிரசவ விடுப்பு முடிந்து வந்தால் ஐசியூவிலிருந்து ஓபிக்குத் தூக்கிப் போட்டாலும் பேச முடியாது. நடந்து போகிற தூரத்தில் இன்னொரு ஆஸ்பத்திரி இருந்தால்தான் இந்த ஆஸ்பத்திரி உன்னை மரியாதையாக நடத்தும். நான் பார்த்த மூன்று ஊரிலும் இதுதான் நிலைமை.

இந்தக் கணக்கில் தென்காசி எனக்கு உடனே அடிபடுகிறது. அழகான ஊர், வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அரசு வேலைக்கு எழுதுகிறாயா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுக்கிறார்கள் இல்லையா? அதை முதலில் சொல். அதில் வந்துவிட்டால் ஊர் உன் கையில் இல்லை, கலந்தாய்வில் எங்கே காலியிடம் காட்டுகிறார்களோ அங்கே போக வேண்டும். முதலில் தொகுப்பூதியம், நிரந்தரமாவதற்குக் காத்திருக்க வேண்டும். அந்த வழி திறந்திருக்கும்போது மனை வாங்குவது சரியில்லை.

கரிசல்காரி

ஆமாம் அக்கா, எழுதுவதாகத்தான் இருக்கிறேன். இதை ஏன் முதலில் யோசிக்கவில்லை என்று இவரிடம் இப்போதுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவரே வந்து எழுதுகிறேன் என்கிறார்.

மன்னைக்காரன்

வணக்கம். கரிசல்காரியின் வீட்டுக்காரர். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மனை கேட்பது ஆசைக்காக இல்லை. அப்பா ஐந்து வருடத்துக்கு முன் தஞ்சாவூரில் ஒரு மனை பார்த்துவிட்டு, அப்புறம் வாங்கலாம் என்று விட்டார். இன்று அதன் விலையை நெருங்க முடியவில்லை. வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தால் 14 லட்சம் அப்படியே நிற்கும், மனை விலை ஓடிக்கொண்டே இருக்கும். குடியிருப்பது எங்கே என்பது வேறு, மனை எங்கே என்பது வேறு என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

பத்திர எழுத்தர்

தம்பி, என் தொழில் சார்பதிவாளர் அலுவலக வாசலில்தான், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் நினைப்பதை நான் குறை சொல்லவில்லை. மண்ணில் போட்ட காசு வீண் போகாது என்று நம்பித்தான் நம் ஜனம் வாழ்கிறது. ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 2023-ல் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், அதே கையோடு வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு வைக்கிற நில மதிப்பை, ஏற்றினார்கள். 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 2,70,000 ரூபாய் அங்கேயே போய்விடும். இரண்டு வருடத்தில் ஊர் ஒத்துவரவில்லை என்று விற்றால், வாங்குகிறவர் அதே 9 சதவீதத்தைக் கொடுக்க வேண்டியிருப்பதால் விலையை அடித்துத்தான் கேட்பார். இடையில் தரகு வேறு. மனை ஓடுகிற ஓட்டத்தில் முதல் இரண்டு மூன்று வருடம் இதற்கே சரியாகிவிடும். 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆனால் அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். வெறும் மனைக்கு வாங்கும் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது, வீடு கட்டினால்தான்.

அப்புறம், "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்கிற மனையைத் தொடவே தொடாதீர்கள். லேஅவுட்டுக்கு அங்கீகாரம் கொடுப்பது சென்னைப் பக்கம் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றவற்றுக்காக வந்தது. "கட்டணம் கட்டினால் வரன்முறை ஆகிவிடும்" என்று தரகர் சொன்னால் அந்தத் தேதிக்கு முந்தைய பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். வில்லங்கச் சான்றை நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம், பட்டாவையும் இணையத்திலேயே பார்க்கலாம். இரண்டிலும் பெயர் பொருந்த வேண்டும். பெயர் பொருந்தாமல் "அது அப்பா பேர்ல இருக்கு, பாத்துக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

திருச்சி என்றால் இன்னும் ஒன்று. ஸ்ரீரங்கத்தில் மதில்களுக்குள் அடிமனைப் பிரச்சினை நெடுங்காலமாக இருக்கிறது, நிலம் கோயிலுடையதா குடியிருப்பவருடையதா என்று. வாடகைக்கு அந்த வீடுகள் அருமை. வாங்குவதற்கு வேண்டாம்.

மன்னைக்காரன்

9 சதவீதத்தை நான் ஒரு செலவாகத்தான் பார்த்தேன், விற்கிற பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை. நன்றி ஐயா. தஞ்சாவூரா திருச்சியா என்று தெரியாமலே மனை தேடிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது புரிகிறது.

பொன்மலை வாசி

பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா, அப்பா இரண்டு பேரும் ரயில்வே ஒர்க்‌ஷாப். திருச்சியைப் பற்றி ஒழுங்காக யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குப் பதில். திருச்சி ஒரே ஊர் இல்லை. உறையூர், ஸ்ரீரங்கம் பழைய தெருக்களில் வீடு பார்த்தால் ஊர், குலம், சைவமா அசைவமா எல்லாம் விசாரிப்பார்கள்; உங்களுக்கு எது வேண்டாமோ அது அங்கே இருக்கிறது. ஆனால் பொன்மலை, கைலாசபுரம், திருவெறும்பூர், கே.கே.நகர் பக்கம் கதை வேறு. ரயில்வே ஒர்க்‌ஷாப், பெல் கொதிகலன் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை என்று அறுபது எழுபது வருடமாக நாலா திசையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்து, ஓய்வு பெற்றதும் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கேக்கும் ரம்ஜான் கஞ்சியும் எல்லா வீட்டுக்கும் வரும். கலப்புத் திருமணம் செய்தவர்கள் தெருவுக்கு இரண்டு மூன்று வீடு உண்டு. சாதியே இல்லை என்று சொல்ல மாட்டேன், கல்யாணப் பேச்சில் தலை தூக்கும். வீட்டு வாசலில் கேட்க மாட்டார்கள். அது எனக்குப் பெரிய விஷயம், உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

தண்ணீர். காவிரி, கொள்ளிடம் ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கி எடுக்கிறார்கள். மேடவாக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். நகருக்குள் லாரி தேடி ஓடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

போக்குவரத்து. காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியம் சென்னை எழும்பூர். ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். சென்னைக்கு இரண்டு வந்தே பாரத் இந்த வழியாகப் போகின்றன. நாகர்கோவில் வண்டி கோவில்பட்டியில் நிற்கும். மன்னார்குடிக்கு தஞ்சாவூர் வழியாக பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போதும். மாமனாருக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தால், கோவையிலிருந்து செம்மொழிக்குக் காத்திருக்க முடியுமா என்று யோசியுங்கள். நொய்யல் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனிக் குறைகள். வெயில். மே மாதம் நாற்பதைத் தாண்டும், மலைக்கோட்டைப் பாறை ராத்திரியிலும் கொதிக்கும். ஐடி வேலை குறைவு. நவல்பட்டில் எல்காட் பூங்கா இருக்கிறது, பஞ்சப்பூரில் டைடல் பூங்கா வருகிறது, அது திறந்து கம்பெனிகள் வந்த பிறகுதான் நம்பலாம். மழைக்காலத்தில் கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் கரைப் பக்கம் பார்த்து எடுக்க வேண்டும். 2005 நவம்பரில் அந்தப் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்றது. வீடு பார்க்கும்போது பக்கத்துக் கடைக்காரரிடம் 2005-ல் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

நொய்யல்

கோபமெல்லாம் இல்லை. ஆனால் இரவுப்பணி அக்கா சொன்ன கணக்கையே எடுத்துப் பாருங்கள். அடுத்த வேலை முக்கியம் என்றால் மன்னைக்காரனுக்குத் திருச்சியில் அடுத்த வேலை எங்கே? கோவையில் இருவருக்கும் இருக்கிறது. அம்மா அப்பா பக்கத்தில் இருப்பதற்காக அவருடைய இருபது வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதா? இங்கே சரவணம்பட்டியில் என் மாடியில் குடியிருக்கிற தம்பதியும் உங்களைப் போலத்தான் கலப்புத் திருமணம், நான் கேட்டதில்லை, அவர்களாகச் சொல்லித்தான் தெரியும்.

இரவுப்பணி

நொய்யல் சொல்வது நியாயம். அந்தக் கணக்கில் முதலில் நிற்பது கோவைதான். நான் திருச்சியில் இருப்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் குழந்தை என்று தங்கச்சி சொன்னாளே, அதையும் சேர்த்துப் பாருங்கள். ஐசியூ நர்ஸுக்கு மாதத்தில் பாதி இரவுப் பணி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரவுப் பணிக்குப் போகிற பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு பெரியவர் வேண்டும். காசு கொடுத்து ஆள் வைக்கலாம், நான் வைத்தேன், ஆனால் ஆள் வராத இரவு ஒன்று வரும். உன் மாமியார் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு கோவையில் வந்து ஆறு மாதம் உட்காருவாரா? திருச்சி என்றால் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடலாம். நடவு நேரத்தில் கூட நடுவில் வந்து எட்டிப் பார்க்கலாம். நான் பார்த்த வரையில், குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்ட நர்ஸுகளில் பெரும்பாலோர் சம்பளம் போதாமல் விடவில்லை, இரவில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல்தான் விட்டார்கள். அந்த ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் கோவைக்கும் போகலாம், வேறு எங்கும் போகலாம்.

எந்த ஊராக இருந்தாலும் வாடகைக்கே போங்கள். மே மாத வெயிலையும் நவம்பர் மழையையும் அந்த வீட்டில் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

சிற்றாறு

அக்கா சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. அம்மாவை மட்டும் மறந்துவிடாதே மா. மாமியார் வயலோடு இருக்கிறார், துணைக்கு மாமனார் இருக்கிறார். கோவில்பட்டியில் உன் அம்மா தனியாக இருக்கிறார் என்று நீதான் எழுதினாய். பிள்ளையைப் பார்க்க உன் அம்மாவையே அழைத்துக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.

கரிசல்காரி

அம்மாவிடம் நேற்று கேட்டேன். "எந்த ஊருன்னாலும் வாரேன், ஆனா மாடி வேண்டாம், முட்டி வலிக்குது" என்றார். அவர் வர மாட்டார் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக இப்போதைக்குத் திருச்சி, வாடகைக்கு. மனைப் பேச்சு என் தேர்வு முடிவு வரும் வரை இல்லை, இவரும் சம்மதித்துவிட்டார். 14 லட்சத்தில் ஆறு மாதச் செலவை சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டு மீதியை வைப்புநிதியில் போடுகிறோம். இவருக்கு வேலையில் நெருக்கடி வந்தால் கோவையில் முயற்சி செய்வது என்று பேசியிருக்கிறோம், நொய்யல் அண்ணா, அப்போது உங்களைத்தான் முதலில் கேட்பேன்.

கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கே.கே.நகரில் ஒரு தரைத்தள வீடு, காட்டூரில் ஒன்று, இரண்டும் பார்த்து வைத்திருக்கிறோம். காட்டூரில் வாடகை 3,000 குறைவு, வீடும் பெரிது. கே.கே.நகர்க்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். எது நல்லது?

பத்திர எழுத்தர்

அட்வான்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆகவே பத்து மாதம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் பேசுங்கள், ஐந்துக்கு இறங்குவார்கள். எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் குடி போகாதீர்கள். வெள்ளையடிக்கிற செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள், காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான். ரேஷன் கார்டு முகவரியை இணையத்திலேயே மாற்றலாம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

பொன்மலை வாசி

கே.கே.நகர். யோசிக்கவே வேண்டாம்.

காட்டூர் நல்ல பகுதிதான், என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அங்கிருந்து நகருக்குள் வர தஞ்சாவூர் நெடுஞ்சாலையில்தான் வர வேண்டும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று அந்தப் பக்க மக்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள், விபத்துகள் நின்றபாடில்லை. இரவுப் பணி முடிந்து தூக்கக் கண்ணோடு ஸ்கூட்டரில் லாரிகளுக்கு நடுவில் வருகிற பெண்ணுக்கு மாதம் 3,000 மிச்சம் என்பது ஒரு மிச்சமே இல்லை. கே.கே.நகரிலிருந்து கண்டோன்மெண்ட் பக்கம் டவுன் பஸ் அடிக்கடி உண்டு, சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. பகல் ஷிஃப்டுக்கு வண்டி எடுக்கவே வேண்டாம்.

தரைத்தளம் என்றீர்கள், அம்மாவுக்கும் சரியாக வரும். மழைநீர் வடிகால் வீட்டுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். தெருப் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.